பார்வதி பெயர் சொன்ன சத்தங்கள்

செய்தி எனக்கு மலையாளத்தில் வந்தது. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் அலுவலகக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். பார்வதியின் பெயரைச் சொல்லி, நான் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டார். கணவன் என்றேன். தனியாக வர வேண்டாம், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். எதற்குத் துணை என்று நான் கேட்கவில்லை. காலையில் தலைவலி என்றவள், "சாரமில்லைடா, ஒண்ணுமில்லை, வெயில்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறியிருந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்று பிறகு டாக்டர் விளக்கினார். அன்றிலிருந்து ஃபோன் மணி அடித்தால் எடுக்கப் பயப்படுகிறேன்.

நமது இணைய நூலகக் குழுவுக்கு அவள் போன செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த அறிவிப்பும் மூன்று மொழியில் போக வேண்டும் என்பது பார்வதி வைத்த விதி, உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். மலையாளத்தில் ஒரு வரி எழுதினேன். தமிழில் எழுத வரவில்லை. அதை எழுதினால் அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. அந்த மூன்றாவது வரியை எழுதியவர் நம் குழுவின் மலையாளி ஷாஜி. அவளிடமே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்ட தமிழில், இரண்டு பிழைகளோடு எழுதினார். அந்தப் பிழைகளை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

உங்களில் பலர் அவளை நேரில் பார்த்ததில்லை. குரலாகத்தான் தெரியும். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது அவள் வேலை. கருவி பொருத்திய பிறகு முதல்முறையாகக் கேட்கத் தொடங்கும் குழந்தைக்கு, எது மழை, எது குக்கர், எது பஸ் என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அதற்கான சத்தங்களைத் தேடித்தான் நம் இணைய நூலகத்துக்கு வந்தாள். படமும் ஒலியும் காணொளியும் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்ற அந்தப் பொது இடம் அவளுக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. முதல் நாளே சண்டையும் போட்டாள். தேடும் பெட்டியில் தமிழில் 'காக்கா' என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷில் அடித்தால் பக்கம் பக்கமாக வந்தது. "எங்க கரமனைக் காக்காய் எல்லாம் கான்வென்ட்ல படிச்சதா என்ன?" என்று கேட்டாள். அந்த வாரமே ரெக்கார்டர் வாங்கினோம்.

அவள் பதிவுகளின் முறை உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவளே பெயர் சொல்வாள். "இது பஸ். கிழக்கேகோட்டை பஸ்." பிறகு அதையே மலையாளத்தில் சொல்வாள். அதன் பிறகுதான் பஸ் கேட்கும். இது அலங்காரத்துக்காகச் செய்ததல்ல. அவளிடம் வந்த தாய்மாரில் பலர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தினர். எழுதிய தலைப்பை அவர்களால் வாசிக்க முடியாது. "வாசிக்கத் தெரிஞ்சவாளுக்கு மட்டும்னா அதுக்குப் பேரு லைப்ரரி இல்லைடா, கிளப்பு" என்பாள்.

ஒரு நாள் கிளினிக்கிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். இசக்கியம்மாள் என்று ஒரு தாய், மகளை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனில் பதிவைப் போட்டிருக்கிறார். குழந்தை உடனே "பஸ்ஸு" என்றது. பார்வதி கை தட்டினாள். இசக்கியம்மாள் தலையை ஆட்டி, "எங்க டீச்சர்! ஹாரன் இன்னும் அடிக்கவே இல்லியே. நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்லுதா, கள்ளி" என்றாராம். கிளினிக்கே சிரித்ததாம். சாப்பிடும்போது பார்வதியின் சிரிப்பு நின்றுவிட்டது. "கேள்விக்கு முன்னாடி பதிலைச் சொல்லிண்டிருக்கேன். என் சத்தம்தான் இடைஞ்சல்" என்றாள்.

அதிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய கோரிக்கை. நூலகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எழுத்தில் தலைப்பு வைக்க இடம் இருக்கிறது. அதைப் போலவே பேசிய தலைப்புக்கும் தனி இடம் வேண்டும், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பொத்தான் வேண்டும் என்றாள். சத்தம் தனியாக ஒலிக்கும். தாய்க்குத் தேவையானால் பொத்தானைத் தொட்டுப் பெயரைக் கேட்டுக்கொள்வாள். நூலகத்தின் பொறியாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் குழுக்களிடமும் எந்த மூன்று மேம்பாடுகளை முதலில் செய்யலாம் என்று கேட்பார்கள். இந்த வருடம் நம் குழு எதை அனுப்புவது என்று பேச வேண்டிய கூட்டத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த பிறகு நான் பெரும்பாலும் கரமனையில் அவள் அம்மா வீட்டில் இருந்தேன். அத்தை தினமும் காலையில் அடுக்களை மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்து அவள் பதிவு ஒன்றைப் போடுவார். நான் அந்த நேரத்தில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். அவள் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு நாள் அத்தை கதவைத் தட்டினார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாங்கோளேன். மழை மட்டும் பெய்யறது, நம்ம பாரு சத்தத்தைக் காணலை. ஃபோன் கேடாயிடுத்தா?"

ஃபோன் நன்றாகத்தான் இருந்தது. கோப்பின் வரலாற்றைப் பார்த்தேன். தூத்துக்குடியிலிருந்து நம்மோடு சேர்ந்து ஒலி வேலை செய்யும் செல்வின், பழைய பதிப்பின் மேல் புதியதை ஏற்றியிருந்தான். காரணம் என்ற இடத்தில் 'பேச்சு நீக்கப்பட்டது' என்று இருந்தது. அவள் அந்த மழையிலிருந்து வெட்டப்பட்டிருந்தாள். அடுத்த நாள் குக்கரிலிருந்து போனாள். அதற்கடுத்து ரயிலிலிருந்து. நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று எதிலிருந்து போவாள் என்று.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பழைய பதிப்பு அடியில் பத்திரமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று வேறொரு குழு இந்த வருடப் பட்டியலில் போட்டிருந்தது. எல்லாவற்றையும் இறக்கி மூன்று இடங்களில் சேமித்தேன். பயம் குறையவில்லை. நான் திறக்கப் பயப்படுகிற டிஸ்கில் அவள் இருந்து யாருக்கு என்ன? வெளியே, அத்தையின் அடுக்களையில், பேர் தெரியாத தாய்மாரின் ஃபோனில் அவள் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுவிட்டால் அவள் போனது உண்மையாகிவிடும்.

அதனால் ஒரு புதிய கோரிக்கை எழுதினேன். இறந்த பங்களிப்பாளர்களின் கோப்புகளைப் பூட்ட வேண்டும், யாரும் மாற்றக் கூடாது. இதையே நம் முதல் கோரிக்கையாக அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

ஸ்ரீவராகத்தில் ஷாஜியின் வீட்டு மாடியில் கூட்டம் நடந்தது. செல்வின் திரையில் வந்தான். வந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷாஜிதான் தொடங்கினார்.

"எடா, பூட்டு போட்டா பின்னே ஆர்க்கும் தொட முடியாது, அல்லே?"

"அதுக்குத்தானே பூட்டு."

"தப்பு உண்டுன்னா?"

"அவ குரல்ல என்ன தப்பு?" என் சத்தம் உயர்ந்துவிட்டது. "அதை வெட்டறதுக்கு இவனுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

திரையில் செல்வின் குனிந்துகொண்டான். "அண்ணே, வையாதீய. அக்காதாம்ணே வெட்டச் சொன்னாவ."

"எப்போ?"

"நல்லா இருக்கும்போதே. 'செல்வின், மொதல்ல என்னைத் தூக்கி வெளிய போடு, பிள்ளைகளுக்கு இடைஞ்சலா இருக்கேன்'னாவ. பாதி முடிச்சிருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. அக்கா குடுத்த வேலைய அந்தரத்துல விட மனசு வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஒங்களுக்கு ஃபோன் போடப் பயமா இருந்துச்சுண்ணே."

எனக்கும் அவனைக் கூப்பிடப் பயமாகத்தான் இருந்தது. அவன் குரல் அவளைப் பற்றிப் பேசும் என்ற பயம். அதைச் சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சினான்.

ஷாஜி மெதுவாகக் கேட்டார். "ஒரு காரியம் மட்டும் சொல்லு. பாரு இங்கே இருந்தா எந்தக் கோரிக்கைக்குக் கை தூக்கும்?"

தெரியாது என்று சொல்லிவிட நினைத்தேன். அந்த அறையில் அதை நம்ப ஒருவரும் இல்லை. பூட்டினால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்னால் அவள் பதிலைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். எந்தக் குழந்தையும் அதைக் கேட்டுப் பஸ்ஸைக் கற்காது. அவள் குரல் இருக்கும், அவள் வேலை நின்றுவிடும். "பேசிய தலைப்புக்கு" என்றேன்.

என் கோரிக்கையைத் திரும்பப் பெற்றேன். அவளுடையது முதலாவதாகவும், எந்த மொழியில் தேடினாலும் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவதாகவும், பழைய பதிப்புகளை அழிக்கக் கூடாது என்பது மூன்றாவதாகவும் போயின. பொறியாளர்கள் செய்வார்களா, தெரியாது. செய்தால் ஒவ்வொரு சத்தத்தின் பக்கத்திலும் அவள் ஒரு பொத்தானாக இருப்பாள். அடுத்த பொத்தானில் யாரோ ஒருவர் வங்காளத்திலோ இந்தியிலோ அதே பெயரைச் சொல்வார். ஒரு நாள் யாராவது அவளைவிடத் தெளிவாகத் தமிழில் சொல்லி அவள் இடத்திலும் வைக்கலாம். அது பொது நூலகம். அது தெரிந்தும் கை தூக்கினேன்.

கிளம்பும்போது செல்வின், "ஏத்துன ஃபைலச் சுருக்கினதுல அக்கா குரல் தேஞ்சு கெடக்குண்ணே. ரெக்கார்டர்ல ஒரிஜினல் இருந்தா பொத்தானுக்கு வேணுங்கிற குரல அதுல இருந்து எடுப்போம். ஒங்களுக்கு முடியலன்னா அனுப்பிருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு பல நாள் ரெக்கார்டர் இருந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கிழக்கேகோட்டை பஸ்ஸிலிருந்து தொடங்கினேன். முதலில் கூட்டத்தின் இரைச்சல் வந்தது. பிறகு, நான் எதிர்பார்க்காதது, என் குரல்: "ரெக்கார்டர் ஓடறதா?" உடனே அவள், மிக அருகில், பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடச் சொல்கிறாள்: "எடா, மிண்டாதே." ஒரு மூச்சு. அதன் பிறகுதான் உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் குரல்: "இது பஸ்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். "உங்களை இப்படியா விரட்டுவா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த பதிவிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். நான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்திருக்கிறேன். ஏற்றும் முன் அவள் அந்த முன்பகுதியை நறுக்கிவிட்டிருக்கிறாள். இப்போது அதே இடத்தில் நான் நறுக்குகிறேன். ஒவ்வொரு கோப்பையும் திறக்கும் முன் பயமாகத்தான் இருக்கிறது. திறக்கிறேன்.

'இது' என்ற சொல்லிலிருந்து தொடங்குவது நூலகத்துக்கு. அதற்கு முன்னால் இருக்கும் ஒரு திட்டும் ஒரு மூச்சும் எந்தக் குழந்தைக்கும் பயன்படாது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்களுடையது.