பாரை மறைத்த சேலை

மகளின் கலியாணத்தைச் சென்னை முறைப்படி நடத்தவேண்டும், மதுவே கூடாது என்று சம்பந்தி சொல்லிவிட்டார். தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் மனுரேவாவில் யாழ்ப்பாணத்தானான எனக்குக் கிடைத்ததோ ரக்பி கிளப் மண்டபம். அதிலிருந்த மது பாரை மனைவியின் பட்டுச்சேலையால் மூடினேன்.

"பியர் இல்லாட்டி உங்கட ஃபாக்டரி ஆக்கள் வருவினமே?" என்றாள் மனைவி.

"மோர் இருக்கு" என்றேன் வீரமாக.

எல்லோரும் வந்தார்கள், மோரைக் குடித்தார்கள். புறப்படும்போது ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தோம். எங்கள் ஃபாக்டரியின் சமோவாத் தீவுக்கார ஃபோர்மன் பையிலிருந்த தேங்காயைக் காதருகே குலுக்கி, "அப்பாடா, கடைசியில் ஒரு டிரிங்க்!" என்று சம்பந்தி முன்னாலேயே கத்தினார். நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது, சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தபடி அவரிடம் இன்னொரு தேங்காயை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் என்ர பிளான்தான்" என்றேன் மனைவியிடம்.

"ஓமோம். முதல்ல என்ர சேலையைக் கொண்டாங்கோ."