வேப்பிலை கட்டிய வீட்டுப் பிள்ளை

பெரிய யுத்தம் முடியப்போகிற சமயத்தில் கப்பலேறி வந்த விஷக்காய்ச்சல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஆட்கள் படுத்துக்கிடப்பதாக வண்டிக்காரர்கள் எங்கள் கடையில் வந்து சொல்வார்கள். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

எதுவரைக்கும் படிப்பு என்பது வீட்டில் முன்பே பேசி முடித்த விஷயம். நான் பெரியவளாகும்வரை. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து போட்ட கெடு அது. எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். பூகோளப் படத்தில் ஆறுகளுக்கு நீலம் தீட்டும்போது, பதுளையை விட்டே போகாத நான் எங்கெங்கோ போய்வந்தேன். வயது பன்னிரண்டைத் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பாடா என்றுதான் எழுந்திருப்பேன்.

காய்ச்சல் வந்ததும் பள்ளியில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். யார் வீட்டில் காய்ச்சலோ அந்தப் பிள்ளை வரக்கூடாது. காய்ச்சல் நின்று ஒரு வாரம் கழித்து, தாயோ தகப்பனோ பள்ளி வாசலுக்கு வந்து வீடு சுகமாக இருக்கிறது என்று வாயால் சொன்னால்தான் மறுபடி சேர்ப்பார்கள்.

அம்மாவுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. ஆனால் அவளும் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்தாள். வீட்டுக்குள் அம்மை வந்திருந்தால்தான் எங்களவர்கள் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். எதுவும் வருமுன்பே அம்மா கட்டிவிட்டாள்.

"ஆத்தா ஏற்கெனவே இங்க இருக்கான்னு பாத்தா, வர்ற காய்ச்சல் அப்படியே திரும்பிப் போயிரும்" என்றாள். மட்டக்களப்பு வண்டியில் சொல்லிவைத்து வரவழைத்த வேப்பிலை அது.

காய்ச்சல் திரும்பிப் போனதோ இல்லையோ, நான் திரும்பி வந்தேன். பள்ளிச் சேவகன் காலையில் வேப்பிலையைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, டீச்சர் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து காலை உதைத்துக்கொண்டு அழுதேன். வேப்பிலையை அவிழ்க்கவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. தானே அழைத்த ஆத்தாவை எப்படிப் போகச் சொல்வது? கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஆத்தா, வெளியில குளிரா இருக்கு. உள்ள வா. அடுப்படியில கதகதன்னு இருக்கலாம்."

வேப்பிலை அடுப்படிக்குப் போனது, வீட்டில் காய்ச்சலே இல்லை என்று அம்மா வந்து சொன்னதும் நான் பள்ளிக்கூடம் போனேன். பிழைக்கத் தெரிந்தவள் என் அம்மா.

அடுத்த வாரமே அப்பா படுத்தார். நெருப்பாகக் கொதித்தது உடம்பு. கடைக் கதவைச் சாத்திவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் அம்மாவே வேப்பிலையைக் கொண்டுபோய் மறுபடி வாசலில் கட்டினாள். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. என்னை அனுப்பியிருக்கலாம். நான் அதைச் சொல்லவும் செய்தேன்.

"உன்னாட்டம் புள்ளைங்கதானே அங்க உக்காந்திருக்கு" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அப்பா பிழைத்தார். கஞ்சி குடித்து, சுவரைப் பிடித்து நடந்து, கடையில் போய் உட்காரும் அளவுக்குத் தேறினார். ஆள் வரத்துதான் இல்லை. ஒரு வாரம் கழிந்தால் அவர் பள்ளி வாசலுக்குப் போக வேண்டும். அந்த வாரத்தின் நடுவில், எது நடக்கக்கூடாது என்று காலைதோறும் வேண்டிக்கொண்டேனோ அது நடந்துவிட்டது. அடுப்படி மூலையில் உட்கார்ந்து விம்மினேன். அம்மா பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தனியே ஓலைக் குச்சு கட்டி உட்காரவைத்து, ஊரைக் கூட்டிச் சடங்கு செய்ய வேண்டும். அம்மா எதையும் செய்யவில்லை, அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? தீட்டோடு ஆத்தா இருக்கும் இடத்தில் இருக்கிறேனே என்று நான் நடுங்கினேன். அம்மா வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீயும் பொம்பளதானே, பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

ஆனாலும் வயதுக்கு வந்த பெண்ணின் வயிற்றை அவளால் காயப்போட முடியவில்லை. கடைப்பக்கக் கதவோரம் நின்று, உளுந்தும் நல்லெண்ணெயும் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள்.

"எதுக்கு?"

"எனக்கு இடுப்பு வலிங்க."

அப்பா எழுந்து தராசை எடுத்தார். உளுந்தை நிறுத்தார், எண்ணெயை அளந்தார். பிறகு சாக்குக்குள் கைவிட்டு, அம்மா கேட்காத கருப்பட்டியையும் எடுத்து மேலே வைத்தார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். உளுந்தங்களி கிண்டுகிற இந்த மூன்றும் சேர்ந்து எந்த வீட்டுக்குப் போகும், எதற்குப் போகும் என்று பலசரக்குக் கடைக்காரருக்குத் தெரியாதா? அம்மா எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் தொண்டையைச் செருமினாலே, இதோ சொல்லப்போகிறார், என் படிப்பு முடிந்தது என்று எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

வாரம் முடிந்த காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா தாயி" என்றார். அவ்வளவுதான். பாதி வழியில் மூச்சு வாங்கி மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். என் பையை அவரே வைத்திருந்தார்.

பள்ளி வாசலில் டீச்சர் சற்றுத் தள்ளியே நின்றார். யாழ்ப்பாணத்து அம்மாள், கண்டிப்பானவர்.

"உங்களுக்குச் சுகமோ? வீட்டிலை வேற ஆருக்கும் ஒண்டுமில்லையே?"

பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விட்ட பெற்றவர்களும் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். அப்பா அவர்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணும் இல்லைங்கம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "புள்ள எப்பவும் போலத்தான் இருக்கா. படிக்கட்டும்."

பையை என் தோளில் மாட்டினார். காய்ச்சல் விட்டுப் போயிருந்தது; அவர் விரல்கள் கதகதவென்று இருந்தன.