கதவைச் சாத்திய அறையில் இரண்டு பீர்

பெங்களூரில் கிராஃப்ட் பீருக்கு அவ்வளவு விலை கொடுக்கத்தான் வேண்டுமா, நம் ஊர்க் கடையில் கிடைக்கிற லாகர் பீரில் என்ன குறை? இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். பீரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆரஞ்சுத் தோல், காட்டுப்பூ, ஈர மண் என்று அடுக்குவதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இந்தச் சித்திரையில் தருமபுரி மாவட்டத்துக்கு ஒரு பயணம் போனேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அங்கே கிடைத்ததுதான்.

கூட்டிக்கொண்டு போனவள் மேகலா. பெங்களூரில், பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற ஒரு மதுக்கூடத்தில் அவள்தான் காய்ச்சுகிறவள். சொந்த ஊர் காரிமங்கலத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஒரு கிராமம். அப்பா மாதையன் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பெரிய குடிகாரர் இல்லை. சந்தை நாளில் தக்காளியை விற்றுவிட்டு, கடையில் ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்துவிட்டு பஸ் ஏறுவார், அவ்வளவுதான். ஒருமுறை போனில் மகளிடம், "நீ காய்ச்சறத ஒரு நாளைக்குக் கொண்டா, பாக்கலாம்" என்று கேட்டிருக்கிறார். நல்லதாக ஒன்று அமையட்டும் என்று மேகலா தள்ளிப்போட்டாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது முதல் வருடத் தெவசம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். மாதையனுக்கு அந்தக் கடை பீரும் உண்டு. மேகலாவுக்கு அதன் பக்கத்தில் தன் பீரையும் வைக்க வேண்டும். "அப்பா வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்க்கா. குடுக்காம விட்டுட்டேன்" என்றாள். சிக்கல் என்னவென்றால், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பிஸ்கட் கம்பெனியில் லேப் வேலை என்று அவள் அம்மா ராஜம்மா சொல்லி வைத்திருந்தார். தெவசம் முடிந்ததும் பேசலாம் என்று அத்தை ஒருவர் மாப்பிள்ளை வீடு ஒன்றையும் கையில் வைத்துக் காத்திருந்தார்.

வியாழன் சாயங்காலம் மேகலாவின் மதுக்கூடத்தில் அவள் கேழ்வரகு சேர்த்துக் காய்ச்சிய பீரைக் குடித்தேன். ஒரு மக் முந்நூற்று எண்பது ரூபாய், வரி தனி. கலங்கலாக இருந்தது. முதலில் வறுத்த மாவு வாசம், பிறகு நாக்கின் பின்பக்கம் நிற்கிற ஒரு கசப்பு. நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது, இன்னொன்று வாங்கினேன். கடை பீரை வடிகட்டி, சூடுகாட்டி, மாதக்கணக்கில் கெடாதபடி அடைக்கிறார்கள் என்றும், தன்னுடையதில் நொதிக்க வைக்கிற ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் அவள் விளக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் கிருஷ்ணகிரி தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அங்கே மாறி காரிமங்கலம், இன்னொரு முக்கால் மணி. பிறகு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. மேகலாவின் மடியில் அந்தக் கேழ்வரகு பீரை நிரப்பிய ஒரு லிட்டர் ஸ்டீல் ஃப்ளாஸ்க் இருந்தது. தினமும் வேலைக்கு மோர் எடுத்துப் போகிற ஃப்ளாஸ்க். மதுக்கூடத்தில் ஒரு குழாயைத் தொடுவதற்கு முன்னால் மூன்று தடவை கழுவுகிறவள், அப்பாவுக்கு என்று வந்தபோது வீட்டுச் சாமானில் கொண்டுபோவதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாள். ஓசூர் தாண்டும்வரை அதன்மேல் என் துப்பட்டாவைப் போட்டு மூடிவைத்தேன். வெளிமாநில மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது தப்பு. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் செய்யாதீர்கள்.

ராஜம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வா கண்ணு, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றவர் கண், மகளின் கையில் இருந்த ஃப்ளாஸ்க்குக்குப் போனது. மேகலா போனில் முன்பே சொல்லியிருந்தாள் போல.

"அது வூட்டுக்குள்ள வேணாம்."

"ஃப்ரிட்ஜ்ல வெச்சாத்தாம்மா நிக்கும். இந்த வெயிலுக்குத் தாங்காது."

"சாமிக்கு வெக்கிற பாலு, தயிரு எல்லாம் அதுலதான் இருக்குது. நாளைக்கு உங்கத்தை வந்து தொறந்து பார்த்தா நான் என்ன பதில் சொல்றது? வெளியவே கெடக்கட்டும்."

ஃப்ளாஸ்க் கொல்லையில் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்துக்குப் போனது. மேகலா ஈரச் சாக்கு ஒன்றைச் சுற்றி வைத்தாள். அன்றும் மறுநாளும் அடித்த வெயிலில் அந்தச் சாக்கு அரை மணிக்கு ஒருதரம் காய்ந்தது. அவளும் சலிக்காமல் நனைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம்தான் வந்தது.

சனிக்கிழமை மதியம் கடை பீர் வாங்க மேகலாவின் சித்தப்பா முருகேசன் காரிமங்கலம் கிளம்பினார். நானும் பைக்கில் தொற்றிக்கொண்டேன். பாட்டில் நூற்றெழுபது ரூபாய். கூலிங் வேண்டுமா என்று கேட்டதற்கு, நாளைக்குத்தான் என்று சொல்லிச் சாதாரணமாகவே வாங்கி, வண்டியின் பக்கப் பையில் போட்டார். மேட்டிலும் பள்ளத்திலும் அது குலுங்கிக்கொண்டே வந்தது.

"ஏங்க, பெங்களூர்ல பீரை அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்தறாங்களாமே, அதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டார்.

மேகலா சொன்னதையே, அவள் பெயரைச் சொல்லாமல், நான் ஒப்பித்தேன். ஈஸ்ட், வடிகட்டுவது, கேழ்வரகு எல்லாம்.

"அதெல்லாம் சரிங்க. எங்கண்ணன் வெடியக்காலம் மூணு மணிக்குத் தக்காளிப் பொட்டியத் தூக்குவாரு. சந்தை முடிய வெயில் உச்சிக்கு வந்துரும். அப்ப சில்லுனு ஒண்ணு உள்ள போனாப் போதும்ங்க. ருசி பாக்கற நேரமா அது?"

அந்த பீரை நானும் பலமுறை குடித்திருக்கிறேன். கொஞ்சம் சோள இனிப்பு, பேருக்கு ஒரு கசப்பு, மற்றதெல்லாம் குளிர்ச்சி. ஆனால் குலுக்கினாலும் வெயிலில் கிடந்தாலும் அது அதுவாகவே இருக்கும். அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் அடுப்படியில் பேசியது எனக்குக் கேட்டது. ராஜம்மா கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். இலையில் வைத்துக்கொள், ஆனால் கேட்டால் பெங்களூரில் கடையில் வாங்கியது என்று சொல்ல வேண்டும். மேகலா பாத்திரங்களைக் கழுவி அடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு சரி என்றாள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "அப்பா முன்னாடி பொய் சொல்லித்தான் குடுக்கணும் போல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர்வரை வந்திருந்தார்கள். மாதையனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, களி, கோழிக்குழம்பு, வடை, அவர் பிடிக்கிற பீடிக் கட்டு என்று வரிசையாக வைத்தார்கள். படையலுக்கு வைப்பதை முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது, குழம்பில் உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேகலாவின் தொழிலே ருசி பார்ப்பதுதான். தான் காய்ச்சியதை ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் அவள் யாருக்கும் ஊற்றியதில்லை. அன்றைக்கு ஃப்ளாஸ்க்கைத் திறந்து, முகர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு டம்ளரில் ஊற்றி இலையின் வலது பக்கம் வைத்தாள். முருகேசன் கடை பீரின் மூடியைத் திறந்து இடது பக்கம் வைத்தார்.

கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். மேகலா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் நானும் மனதுக்குள், ஒரு வாய் குடித்துப் பாருங்களேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

முருகேசன் மூன்று தடவை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். படைத்ததைப் பங்கிடும்போது பீர் ஆண்களுக்குப் போனது. கடை பீர் சூடாகவும் நுரை அடங்கியும் இருந்தாலும் சத்தமில்லாமல் காலியானது. பிறகு முருகேசன் மேகலாவின் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"புளிச்சுப் போச்சேம்மா."

மேகலா டம்ளரை வாங்கி முகர்ந்தாள். அவளுக்கு அதுவே போதும். மோர் ஃப்ளாஸ்க், இரண்டு நாள் வெயில். "கொட்டிர்றேன் சித்தப்பா" என்றாள்.

"எந்தக் கடையில வாங்குன? நல்லா ஏமாத்தி உட்டிருக்கான்" என்றார் அத்தை.

மேகலா வாயைத் திறக்கவில்லை. ஒத்துக்கொண்ட பொய்யைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் ராஜம்மா எழுந்து வந்து மகளின் கையிலிருந்து டம்ளரை வாங்கினார்.

"கடையில வாங்கல. எம் பொண்ணு காய்ச்சுனது. அவ வேலையே அதுதான்."

"பிஸ்கட்டு கம்பெனின்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்." ராஜம்மா சுற்றியிருந்த எல்லோரையும் பார்த்தார். "இதுல அவ தப்பு ஒண்ணுமில்ல. உள்ள வெக்கணும்னு சொன்னா. நாந்தான் ரெண்டு நாளு வெயில்ல போட்டு வெச்சேன்."

சொல்லிவிட்டு, வாழ்நாளில் பீரைத் தொடாத அந்த அம்மாள் டம்ளரைத் தூக்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தி வாயைத் துடைத்துக்கொண்டார். "கூழும் புளிச்சுத்தான குடிக்கறோம்" என்றார். முருகேசன் தன் டம்ளரை நீட்டி, "மிச்சத்த இங்க ஊத்துங்க அண்ணி" என்றார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது பதில். கடை லாகர் எங்கே வேண்டுமானாலும் போகும், யாருக்கு வேண்டுமானாலும் ஒரே மாதிரி இருக்கும். சந்தையில் நின்று களைத்தவருக்கு அதைவிட வேறு வேண்டாம், அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு இனி பேச்சில்லை. கிராஃப்ட் பீரைக் காய்ச்சிய இடத்திலேயே, காய்ச்சியவர் கண் முன்னாலேயே குடியுங்கள். பணம் கொடுப்பது அந்த ஆளின் கவனத்துக்காகத்தான். மதுக்கூடங்களில் வார நாள் மதியத்தில் விலை குறைவு. இரண்டையும் ஒரே நாளில் அருந்தி ஒப்பிடாதீர்கள், இரண்டாவதாகக் குடிப்பது எப்போதும் தோற்கும். காரிமங்கலம் போய் இரவு தங்க வேண்டுமென்றால் தருமபுரி போய்விடுங்கள், பஸ் நிலையத்தைச் சுற்றி எழுநூறு ரூபாயிலிருந்து அறைகள் உண்டு. கோடையில் மதியப் பயணம் வேண்டவே வேண்டாம். குடித்தால் வண்டி ஓட்டாதீர்கள், பஸ் இருக்கிறது.

இதை எழுதுவதற்கு அனுமதி கேட்டு ராஜம்மாவுக்குப் போன் செய்தேன். எழுது கண்ணு என்றார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"வேணாம்னுட்டாங்க. போவட்டும்." பிறகு அவராகவே சொன்னார். "அவரு ஒருதரந்தான் கேட்டாருன்னு மேகலா நெனச்சுக்கிட்டிருந்தா. அப்படியில்ல கண்ணு. நம்ம பொண்ணு காய்ச்சறதக் குடிச்சுப் பாக்கணும்னு மாசா மாசம் கேட்டாரு. அவ கொண்டாந்தா ஊருக்குத் தெரிஞ்சுரும்னு நாந்தான் அவருகிட்டப் போனக் குடுக்காம வெச்சிருந்தேன். நேத்துதான் அவகிட்டச் சொன்னேன்."

மேகலா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. போன வெக்கவும் இல்ல. ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம்."