விரல்தான் தடிப்பு

கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் தேக்கரண்டி கேட்கிறான் தவுங் டின். குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற தேக்கரண்டி. அதில் மொகிங்கா சாப்பிட்டால் மீன்சாறும் சேமியாவும் என்றைக்கு உள்ளே போய்ச் சேரும்? பர்மாவின் மோல்மேன் படகுத்துறையில் என் கடையில் இருப்பது ஒரே பெஞ்சு. இவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான்.

"அக்கா, மொளகாய அள்ளிக் கொட்டிட்டியா? வாயெல்லாம் எரியுது."

இவனுக்காகக் காரத்தைக் குறைத்துக் குறைத்து, இப்போது மற்றவர்கள் என்னைக் கேட்கிறார்கள்: "என்ன பெரியம்மா, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?"

ரிக்‌ஷா மிதிக்கிறவன். புத்தர் கோயில் மேட்டில் ஏறும்போதும் சவாரியோடு பேச்சு நிற்காது. கன்னத்தில் வெற்றிலை மடிப்பு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்ந்த மடிப்பு. தூக்கத்திலும் ஒன்று ஒதுங்கியிருக்கும் என்கிறாள் அவன் பெண்டாட்டி மா சீ. இடது கன்னத்தின் உள்தோல் வெளுத்துத் திட்டாய் நின்றபோது, சுண்ணாம்பு சுட்டதென்றான். "அந்தப் பக்கத்துக்கு லீவு குடுத்துட்டேன்க்கா" என்று மடிப்பை வலது கன்னத்துக்கு மாற்றினான். இப்போது அதுவும் வெளுத்துவிட்டது. என்ன சொல்வது இந்த மனுஷனிடம்?

மடத்தில் இலவசமாய் வாய் பார்க்க வந்த டாக்டரம்மா, மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாய் வாய்க்குள் நுழைக்கச் சொன்னாள். இரண்டோடு நின்றுபோனது.

"பிரேக் புடிச்சுப் புடிச்சு வெரல் தடிச்சுப்போச்சு டாக்டர். உங்க வெரலா இருந்தா நாலும் போகும்!"

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தோல் இறுகி நாராகிக்கொண்டிருக்கிறது, வெள்ளைத் திட்டு புற்றாகவும் மாறலாம், வெற்றிலையை இன்றே விடு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்துக்கொள் என்றாள்.

சரியென்று, வெற்றிலையை விடுவதாக ஆலமரத்து நாட் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டான். பையிலிருந்த மடிப்பு அத்தனையும் காலையில் அங்கே படைத்தான். நானும் நம்பித் தொலைத்து, அன்று அவன் கிண்ணத்தில் மீன் கூடுதலாய்ப் போட்டேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பார்த்தால் கன்னம் உப்பியிருக்கிறது.

"சாமி சாப்ட்டு முடிச்சிருச்சுக்கா. படையல வீணாக்கினா பாவமில்ல?"

"பாவம் பாக்குற மூஞ்சியப் பாரு! வெள்ளிக்கெழம மா சீய கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற. போகல, இந்தப் பெஞ்சு பக்கம் வராத."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. வெரல்தான் தடிப்பு."

தேக்கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தான். ரிக்‌ஷாவுக்குப் போனவன் ஏறி உட்காரவில்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பிடியில் இருந்த கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினான். மடிப்பைத் துப்பினான். இரண்டு விரலை வாய்க்குள் வைத்தான். மூன்றாவதாகச் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தான்.