செம்புக் கம்பி சுற்றிய துப்பாக்கி

பெரிய மார்க்கெட்டில் என் கூடைக்குப் பக்கத்துக் கூடை அஞ்சலாட்சியுடையது. நான் கத்தரிக்காய், அவள் கீரை. அவளுடைய ஒரே மகன் குமாரவேலை 1957-ல் பண்ணைக்காரர் பலராமன் சுட்டுக் கொன்றார். தட்டாஞ்சாவடிப் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த அவருடைய மல்லாட்டைக் கொல்லை வழியாக, விடியற்காலையில் கீரைக்கட்டோடு வந்த பிள்ளை. "நரின்னு நெனச்சிட்டேன்" என்றார். இருபது வயது ஆம்பளை நரியாம்! தவறுதலான சாவு என்று கேஸ் முடிந்தது. துப்பாக்கி அவர் வீட்டுக்கே திரும்பிப் போனது.

அவரை ஜெயிலில் போடுங்கள் என்றுகூட அஞ்சலாட்சி கேட்கவில்லை. "அந்தத் துப்பாக்கி அந்த ஆளு கையில இருக்கக் கூடாது", அவ்வளவுதான். அதன் பின்கட்டை விரிசல் விட்டு, செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அந்த வீட்டுக்குக் கீரை கொடுத்தவளுக்குத் தெரியாதா? ஐந்து வருஷம் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது கொடுத்த துப்பாக்கிச் சீட்டு அவரிடம் இருக்கிறது என்று விரட்டினார்கள்.

1962-ல் தண்டோரா போட்டார்கள். பழைய சீட்டு செல்லாது, எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் காட்ட வேண்டும், புது லைசென்ஸ் கிடைக்காதவர்கள் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

அவள் தம்பி இருசப்பன் ஒரு நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கொல்லைகளில் பன்றிக் காவல் பார்த்தவன். நாலு பிள்ளைகளுக்கு அதுதான் சோறு. "மொதல்ல நீ குடுடா. நம்ம வூட்டுல ஒண்ண வெச்சிக்கினு அந்த ஆள எப்பிடிடா கேக்கறது?" என்று அவளே கையைப் பிடித்து இழுத்துப் போனாள். லைசென்ஸுக்கு நிலப் பட்டா கேட்டார்கள். அவனுக்கு ஏது நிலம்? கொடுத்துவிட்டு வந்தான்.

கடைசி நாள் பலராமன் வந்தார். ஸ்டேஷன் வாசலில் நானும் அவளோடு நின்றேன். செம்புக் கம்பி உள்ளே போனதும் என் கையை நசுக்கிவிட்டாள். அரை மணியில் அவர் வெளியே வந்தார், தோளில் துப்பாக்கி, கையில் புதுக் காகிதம். பயிர்ப் பாதுகாப்புக்காம்! சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முன்பே இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான் என்று நம்பினவள் நான். ஆனால் இல்லாதவனிடம் மட்டும் பிடுங்குவது என்ன எழவுச் சட்டம்? அதற்குப் பிறகு அவள் ஸ்டேஷன் பக்கம் போகவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து இருசப்பன் மார்க்கெட்டுக்கு வந்து அக்காளின் கூடை முன்னால் குந்தினான்.

"பலராமன் பண்ணையில காவலுக்குக் கூப்புட்றாங்கக்கா. புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க. துப்பாக்கி அவங்களே குடுப்பாங்களாம்."

"எந்தத் துப்பாக்கி?"

அவன் தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, செருப்பால் அடிக்கலாமா என்றிருந்தது. அஞ்சலாட்சி கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். வெகுநேரம் தெளித்தாள்.

"போடா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. எது அசைஞ்சாலும் மொதல்ல யாருன்னு ஒரு கொரல் குடு. அந்த ஆளு ஒரு கொரல் குடுத்திருந்தா, 'நான்தாங்க, அஞ்சலாட்சி மவன்'னு எம் புள்ள சொல்லியிருப்பான்."