அந்த ஆட்டப் பாட்டு என்னுடையது

சித்தூரில் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவள் நான். வீட்டில் சமைக்கும்போது கேட்பது வேறு. டிஸ்கோ காலத்து அமெரிக்க ஃபங்க் ஆட்ட இசைக் குழு ஒன்றின் ஆல்பம். பேஸ் கிட்டார் முன்னால் நடக்கும், ட்ரம்பெட்டுகள் அதற்குப் பதில் சொல்லும். எட்டுப் பாட்டையும் வரிசை மாறாமல் கேட்டால்தான் எனக்குச் சோறு வேகும்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் கீர்த்தனை மெட்டைப் போடப் போய், போனில் அந்த ஆல்பத்தைத் தட்டிவிட்டேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது.

“கோயில்ல இன்னாம்மா இந்த ஆட்டப் பாட்டு?” என்று குழுத் தலைவர் கத்தினார்.

“என் பொண்ணு போட்டு வெச்சிருக்கா ஐயா” என்று சொல்லிவிட்டேன்.

குழுவில் பாடும் என் மகள் எஸ்தர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் ஆராதனையில் பாட வேண்டாம் என்றார் தலைவர்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள்: “பாட்டு கேக்கறது தப்பில்லம்மா. என்னை இன்னாத்துக்கு மாட்டி உட்ட?”

அங்கேயே, தெருவிலேயே, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னும் எழுந்தேன். “அது என் பாட்டு. தெனமும் கேட்டுக்கினுதான் இருக்கேன். பொண்ணு மேல பழி போட்டதுதான் தப்பு.”

“அப்ப மன்னிப்பு கேளும்மா” என்றார் தலைவர்.

“பொண்ணுகிட்ட கேட்டுட்டேன் ஐயா. பாட்டுக்காகக் கேக்க மாட்டேன்.”

எஸ்தரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, என்னை நீக்கிவிட்டார்கள். இடம் போனதில் வருத்தம்தான். ஆனால் பிடித்ததைப் பிடிக்கும் என்று சொல்ல ஐம்பது வயதுவரை பயந்துகிடந்தேனே, அந்த வருத்தம் அதைவிடப் பெரிது. இனி யாருக்காகவும் பயப்படுவதாக இல்லை.