ஹேவாஹெட்டைக்கு ஆள் ஏற்றிய கதை

கண்டியில் கைடு வேலை என்பது, போனில் ஆயிரம் தடவை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதே இடத்தை நேரில் காட்டுவது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரங்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மாளிகை, பேராதனைப் பூங்கா, மாணிக்கக்கடை, முடிந்தது கண்டி. நான் பிறந்த தோட்டம் ஹேவாஹெட்டைப் பக்கம். இந்த நாட்டில் முதன்முதல் தேயிலை போட்ட மலை அது. போட்ட துரை உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல் ஆசனம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதை ஹோட்டல் சுற்றுலாப் பலகையில் ஏற்றாமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றேன்.

மேனேஜரின் சந்தேகம்

நான் வேலை செய்யும் ஹோட்டலின் மேனேஜர் கட்டுகஸ்தோட்டைக்காரர். நல்ல மனுசன், ஆனால் புதுசாக எதைச் சொன்னாலும் முகம் சுளிப்பார். அங்கே கடை இருக்கா, கக்கூஸ் இருக்கா என்று குடைந்தார். கடை இல்லை, கக்கூசுக்கு எங்க சித்தி வீடு இருக்கு என்றேன். விடாமல் பின்னாலேயே திரிந்ததில், இந்த சீசன் மட்டும் கூட்டிப்போய்ப் பார், ஒரு முறைப்பாடு வந்தாலும் அதோடு சரி என்று இறங்கி வந்தார். வான் சாவியைக் கையில் தரும்போதும் கேட்டார்:

"ஒரு கல்லப் பாக்க இவ்வளவு தூரம் யாரு தங்கச்சி போவாங்க?"

மூடுபனி

முதலில் ஏறியது ஒரு ஜெர்மன் தம்பதி, இருவரும் பென்சன்காரர்கள். ஆசனத்துக்குப் போய்ச் சேரவும் மூடுபனி இறங்கவும் சரியாக இருந்தது. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, வந்தது வந்தாச்சு, விடுவதா என்று இருவரையும் கல்லில் உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். வெள்ளையாக இருந்த பக்கமெல்லாம் கையை நீட்டி, இது ஃபெக்டரி, இது நாங்க குடியிருந்த லயம், அந்தச் சரிவில்தான் அம்மா அட்டைக்கடியோடு கொழுந்து எடுத்தாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பனி கடைசிவரை விலகவில்லை. திரும்ப வானுக்குள் ஏறும்போது அந்த ஜெர்மன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்:

"நீ சொன்னதில் பாதி பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது."

உட்காரக் கூடாத கல்

அடுத்த தடவைதான் வினை வந்தது. அப்போது மலையில் தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. செடியை வெட்டத் தொடங்குமுன், கத்தி யாரையும் பதம் பார்க்கக்கூடாது என்று ஒரு செடியடியில் கல்லை வைத்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். அதுதான் கவ்வாத்துச்சாமி. என்னோடு வந்த நெடுநெடு டச்சுக்காரருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள், சப்பாத்தும் பையுமாகச் சாமிமேல் உட்கார்ந்துவிட்டார்.

கத்திகள் நின்றன. கவ்வாத்துக் கங்காணி இறங்கி வந்தார். இனி வராதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் பாடு முடிந்தது. ஆனாலும் நான் நகரவில்லை. அவர் தெரியாமல் செய்தார் மாமா, சொல்லித்தராதது என் பிழை, இனி அடிவாரத்திலேயே எல்லாருக்கும் சொல்லித்தான் ஏற்றுவேன், ஆனால் கூட்டிவருவதை நிறுத்தமாட்டேன் என்றேன். டச்சுக்காரர் விசயம் விளங்கி, முகம் சிவந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். கங்காணி தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவி, மஞ்சளை மறுபடி பூசினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கூட்டிக்கிட்டு வா புள்ள. தொர கல்லுல எவன் வேணும்னாலும் ஒக்காரட்டும். எங்க கல்லு முன்னால எல்லாரும் நிக்கணும்."

சீசன் முடியும்வரை ஒரு முறைப்பாடும் வரவில்லை, எங்கள் மலை இப்போது ஹோட்டல் பலகையில் ஏறிவிட்டது. ஆகவே சகோதரங்களே, எதைப் பார்க்க வேண்டும் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், எதில் உட்காரக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.